சாவு வீட்டுல மூக்குத்தி காணோம், குழி வெட்ட ஆளில்ல, நம்ம சனத்துக்கு என்னதான் ஆச்சு?

மேல்கணக்கு_தம்பி:
போன கிழமை எங்க அப்பாயி தவறிட்டாங்க. 81 வயசு. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பேரு வேணாம். நான் கொழும்பு புறக்கோட்டையில ஒரு மொத்தக் கடையில நிக்கிறேன். ராவு 11 மணிக்கு கோல் வந்துச்சி, மொதலாளிகிட்ட கெஞ்சி ரெண்டு நாள் லீவு எடுத்து விடிய விடிய பஸ்ல போய் எறங்குனா லயத்து வரிசை வீட்டுல பொம்பளைங்க அழுதுகிட்டு இருக்காங்க, ஆம்பளைன்னு பாத்தா நாலு கெழவங்க, ரெண்டு பையனுங்க, அவ்ளோதான். குழி வெட்ட ஆளில்ல. நெசமாவே ஆளில்ல.

நான் சின்னப் பையனா இருக்கறப்ப ஒரு சாவு விழுந்தா யாரும் யாரையும் கூப்புட மாட்டாங்க. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் தோட்டத்து மேல்கணக்கு, கீழ்கணக்கு ரெண்டு பிரிவுல இருந்தும் மண்வெட்டி அலவாங்கோட தானா வந்து நிப்பாங்க. இப்ப மரண சங்கத்துல இருந்து காசு மட்டும் கரெக்டா வந்துச்சி. தலைவர் சொல்றாரு, "ஆள் புடிச்சி வெட்டிக்கங்க தம்பி"ன்னு. பக்கத்து நாட்டுல, அதான் சிங்கள கிராமத்துல, இருந்து ரெண்டு பேர கூட்டிவந்து 12,000 ரூபாவும் ஒரு போத்தலும் குடுத்துதான் வெட்டுனோம்.

இதெல்லாம் கூட பரவால்ல. அப்பாயி மூக்குல 50 வருசமா கெடந்த மூக்குத்தி, தாத்தா கல்யாணத்துக்குப் போட்டது, குளிப்பாட்டி பெட்டியில வைக்கிறப்ப பாத்தா இல்ல! பொணத்துல இருந்து கழட்டிருக்கானுங்க. பக்கத்துக் காம்பராவுல ஒரு பையன், 19 வயசு இருக்கும், ஐஸ் போதைப் பழக்கம் இருக்குன்னு காதுல விழுந்திருக்கு, அவன்தான் ரொம்ப நேரம் கிட்டக்க நின்னான். எனக்கு பொறுக்கல, நாலு பேரு முன்னாடி நேராவே கேட்டுட்டேன். ஒண்ணும் பேசல. கையில வச்சிருந்த மண்வெட்டிய செவுத்துல சாத்திட்டு போயிட்டான்.

சொல்லுங்க, நம்ம சனம் இவ்ளோ கெட்டுப்போக என்ன காரணம்? போனா, குடியா, இல்ல வேற என்னவா?

ரிட்டயர்ட்_கேபி:
ஆழ்ந்த அனுதாபங்கள் தம்பி. நான் 34 வருசம் கணக்கப்பிள்ளையா, அதான் கேபியா, இருந்தவன். நான் சொன்னா கெழவன் பொலம்புறான்னு சொல்லுவீங்க, சொல்லுங்க. பயம் போயிருச்சு. அதுதான் காரணம். அந்தக் காலத்துல காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்துல ஒருத்தன் குடிச்சிட்டு வந்து நின்னா பேர் கெடையாது, அன்னிக்கு வேலை இல்ல, வீட்டுல அடுப்பெரியாது. பெரியவங்க வந்தா இஸ்தோப்புத் திண்ணையில உக்காந்திருந்தவன் எந்திரிப்பான். காம்பராவுக்கு பூட்டே கெடையாது தம்பி, வெறும் கொண்டிதான். இப்ப 15 வயசுப் பையன் கையில போன், காதுல அது என்னமோ மாட்டிக்கிட்டு, நாம போறோமா வர்றோமான்னு கூடத் தெரியாது. சாவு வீட்டுல தப்பு அடிக்கிறத டிக்டொக் எடுத்துப் போடுறானுங்க.

பீலிக்கரை_அக்கா:
கேபி மாமா, கோவிக்காதீங்க. காம்பராவுக்கு பூட்டு இல்லாததுக்கு காரணம் ஒழுக்கம் இல்ல, உள்ள களவெடுக்க ஒண்ணும் இல்ல. பத்தடிக்கு பன்னெண்டடி காம்பராவுல ரெண்டு சட்டி, ஒரு பொட்டி, ஒரு பாய். அத யாரு தூக்கிட்டுப் போவா?

இன்னொண்ணும் சொல்றேன். உங்க காலத்துல சம்பள நாளுக்கு மறுநாள் கொழுந்து எடுக்க மலைக்கு வர்ற பொம்பளைங்க மூஞ்சிய பாத்திருக்கீங்களா? கண்ணு வீங்கி, முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு வருவாங்க. எங்கம்மாவும் அப்படித்தான் வந்தாங்க. நீங்க கணக்கு எழுதிட்டுப் போயிருப்பீங்க. அத யாரும் சீரழிவுன்னு சொல்லல, புருசன் பொஞ்சாதி சண்டைன்னாங்க. இன்னிக்கு ஒரு பொண்ணு பொலிசுக்குப் போனா "காலம் கெட்டுப் போச்சு"ங்கிறாங்க.

பசறை_மச்சான்:
அக்கா செம 👏

களவுன்னா நானும் ஒண்ணு கேக்கணும். எங்கம்மா 20 கிலோ கொழுந்து எடுத்தா நிறுக்கிற மடுவத்துல தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிப்பாங்க. மழை இல்லாத நாள்லயும் தண்ணிக் கழிவு! தராசுல செவப்பு எழுத்துல 20ன்னு காட்டுது, அம்மாவும் பாக்குறாங்க, நிறுக்கிறவரும் பாக்குறாரு, கொப்பியில 17ன்னு விழுது. ஒரு ஆளுக்கு மூணு கிலோ, ஒரு மலையில 40 ஆளுன்னா நீங்களே கணக்கு போட்டுக்கங்க. நாள் சம்பளம் 1000 ரூபான்னு 2021ல கெசட் வந்தப்ப ஊரெல்லாம் பட்டாசு, அதுக்கப்புறம் எடுக்க வேண்டிய கிலோவ கூட்டிட்டாங்க, எடுக்காட்டி அரைப்பேர், பாதிச் சம்பளந்தான். 2024ல 1350 ஆச்சு, அதுலயும் அதே கததான். இத பாத்துக்கிட்டு வளர்ற பையனுக்கு நேர்மைய யாரு சொல்லிக் குடுக்குறது? பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க. சாயந்தரம் மடுவத்துல வேற பாடம்.

ரிட்டயர்ட்_கேபி:
எல்லா கேபியும் கழிக்கிறதில்ல தம்பி.

பசறை_மச்சான்:
நீங்க கழிச்சீங்களா மாமா?

ரிட்டயர்ட்_கேபி:
மேலிடத்து உத்தரவு இருந்திச்சி.

கொழும்பு_கடைப்பையன்:
குழி வெட்ட ஆளில்லன்னு சொன்னதுக்கு வர்றேன். நான் வெள்ளவத்தையில சாப்பாட்டுக் கடையில. எங்க லயத்துல என் வயசுப் பையனுங்க 14 பேரு, ஒருத்தனும் தோட்டத்துல இல்ல. 9 பேரு கொழும்பு, மிச்சம் கட்டார், துபாய், ரெண்டு பேரு கண்டியில பெயின்ட் வேலை. எங்க பெரியப்பா செத்தப்ப மொதலாளி கேட்டாரு, "பெரியப்பாவுக்கெல்லாம் எதுக்குடா லீவு"ன்னு. அவருக்கு அது ஒரு நாள் சம்பள வெட்டு. எனக்கு அவருதான் தோள்ல தூக்கிட்டுப் போய் தேர் காட்டுன ஆளு. போகல. காசு போட்டேன். இப்ப நான் ஒழுக்கங்கெட்டவனா? ஆமான்னு சொன்னாலும் கோவிக்க மாட்டேன், ராவுல எனக்கே அப்படித்தான் தோணுது.

இஸ்கூல்_சேர்:
இழைய ரெண்டு நாளா படிச்சிக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், மன்னிக்கணும்.

டூர்க்கைம்னு ஒரு பிரான்சுக்காரர், 19ஆம் நூற்றாண்டு கடைசியில சமூகவியல்னு ஒரு துறையவே நிறுத்துனவங்கள்ல ஒருத்தர். அவரு சொன்னத நம்ம பாசையில சொன்னா, ஒரு சமூகம் வேகமா மாறுறப்ப பழைய கட்டுப்பாடு அறுந்து போயிரும், புதுசு இன்னும் உருவாகியிருக்காது. நடுவுல நிக்கிற மனுசனுக்கு எது சரி எது தப்புன்னு புடிமானம் இருக்காது. அவன் கெட்டவன் ஆகல, அவன புடிச்சிருந்த கயிறு அறுந்திருச்சு. இத படிக்கிறப்பல்லாம் எனக்கு எங்க லயந்தான் ஞாபகம் வரும்.

ஆனா நம்ம விசயத்துல கயிறு தானா அறுந்ததா, யாராச்சும் வெட்டுனதான்னு கேக்கணும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துல நாடில்லாதவங்க ஆனோம். 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கன்னு தலைய எண்ணிப் பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேர 1974ல ஆளுக்குப் பாதியா பங்கு போட்டாங்க. அண்ணன் கப்பலேற தம்பி லயத்துல நின்னான், தலைமன்னார் போற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சின்னே பேரு வந்துச்சி. அதே சமயம் 1973, 74 பஞ்சம். எங்க தாத்தா சொல்லுவாரு, மாவு வாங்க கியூவில நின்ன எடத்துலயே ஆள் விழுந்து செத்ததப் பாத்தேன்னு. இப்படி தலைமுறைக்கு ஒரு தடவ குடும்பத்த உடைச்சிக்கிட்டே இருந்தா, கூட நிக்கிற பழக்கம் எப்படி மிஞ்சும்? மிஞ்சுனதே பெருசுன்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப உடையிறது வேற மாதிரி. என் வகுப்புல 31 பிள்ளைங்க. 11 பேரோட அம்மா குவைத், சவுதி, லெபனான். அஞ்சு வயசுக்குக் கொறஞ்ச பிள்ளைய விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு 2013ல குடும்பப் பின்னணி அறிக்கை ஒண்ணு கொண்டு வந்தாங்க, பிறகு அதையும் தளர்த்துனாங்க. சட்டம் தாயத்தான் தடுத்துச்சே தவிர அவளுக்கு இங்க வேற வழி காட்டல. ஒரு பையன், எட்டாம் வகுப்பு, அம்மாவோட வொய்ஸ் மெசேஜ இன்டர்வல்ல காதுல வச்சி கேட்டுக்கிட்டு இருந்தான். போன் கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம், புடுங்கி மேசையில வச்சேன், அது பாட்டுக்கு ஓடிச்சி. "சாப்புட்டியாப்பா, தலைக்கு எண்ண வச்சியாப்பா." நான் திருப்பிக் குடுத்துட்டேன்.

அதுக்காக போன்ல குத்தமே இல்லன்னு சொல்ல வரல. ஐஸ் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்திருச்சி, மாவா போதைச் சரைய டெஸ்க்குக்கு அடியில எடுத்திருக்கேன். ஆனா போனையே திட்டிக்கிட்டு இருந்தா விக்கிறவன் தப்பிச்சிருவான்.

கீழ்லயம்_87:
எல்லாரும் சுத்தி சுத்தி வர்றீங்க, ஒண்ணு மட்டும் யாரும் சொல்லல. குழி யாரு வெட்டுனது?

தம்பி சொல்றாரு தானா வந்து நின்னாங்கன்னு. அவங்க தோட்டத்துல எப்படியோ, எங்க தோட்டத்துல தானா வரல. தப்பு அடிச்சதும் குழி வெட்டுனதும் எங்க தாத்தாவும் அவரு தம்பிங்களுந்தான். கேதம் சொல்லப் போறதும் அவங்கதான். கூலி ஒரு போத்தல் சாராயம், கொஞ்சம் அரிசி, ரெண்டு தேங்கா. அதே வீட்டுல கல்யாணம்னா இஸ்தோப்புல ஏற விடமாட்டாங்க, பின்னால சாக்கடைக் கான் ஓரமா நிக்க வச்சி தேத்தண்ணிய செரட்டையில ஊத்துனாங்கன்னு தாத்தா சொல்லுவாரு. எங்கப்பா அந்த வேலைக்குப் போகமாட்டேன்னு 1989ல தப்ப எடுத்து அடுப்புல போட்டாரு. அன்னிக்கே பெரியவங்க சொன்னாங்களாம், "காலம் கெட்டுப் போச்சு, இவனுங்களுக்கு மரியாத தெரியல"ன்னு.

அதனால சீரழிவுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா நான் மொதல்ல கேக்குறது, யாருக்கு நட்டம்னு.

மேல்கணக்கு_தம்பி:
அண்ணே நான் அத யோசிக்கல. உண்மையிலயே யோசிக்கல. எங்க தோட்டத்துல யாரு வெட்டுனாங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "எல்லாரும்தான்"னாரு. அந்த "எல்லாரும்தான்" எனக்கும் சரியாப் படல.

பீலிக்கரை_அக்கா:
தம்பி, மூக்குத்திய விட்டுட்டு வேற ஒண்ணு கேக்குறேன். உங்க லயத்துல கிழமைக் கடன் இருக்கா?

இருக்கும். இல்லாத லயம் எது? எப்படின்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். அஞ்சு பொம்பளைங்க ஒரு குழு. ஒருத்தருக்கு ஒருத்தர் கையெழுத்து. ஒருத்தி கட்டாட்டி மத்த நாலு பேரு கட்டணும். செவ்வாக்கெழமை லோன் தம்பி மோட்டச் சைக்கிள்ல வருவான், சேட் இஸ்திரி போட்டு, செருப்ப வெளிய கழட்டிட்டு, "அக்கா" "அக்கா"ன்னு மரியாதையாத்தான் பேசுவான். ஒரு ஆளு கொறஞ்சா எந்திரிக்க மாட்டான். இஸ்தோப்புல உக்காந்துருவான், நாலு மணி, அஞ்சு மணி, ஆறு மணி. அவன் ஒண்ணுமே சொல்லத் தேவல்ல. மத்த நாலு பேரும் போய் அவ கதவத் தட்டுவாங்க. நானே தட்டியிருக்கேன். சின்னப்புள்ளையில இருந்து என்கூட பீலியில தண்ணி புடிச்சவ, ஒண்ணா கூடை தூக்குனவ, உள்ள லைட்ட அணைச்சிட்டு பிள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு இருக்கா, நான் வெளிய நின்னு கேவலமா ஏசுறேன். என்னோட தவணையும் அதுல மாட்டிக்கிட்டு இருக்கே. மறுநாள் மலையில ஒரே நெரையில நின்னு கொழுந்து எடுத்தோம். பேசல. மூணு வருசமாச்சு, இன்னும் பேசல.

அவ வீட்டுல ஒரு சாவு விழுந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போறது? அவளும் எந்த மூஞ்சியோட வருவா?

நம்ம சனத்துக்குள்ள இருந்த நம்பிக்கையையே பொணையா வாங்கி வச்சிட்டு கடன் குடுத்தாங்க. காசு தீந்துச்சி, அதோட அதுவும் தீந்துச்சி.

ரிட்டயர்ட்_கேபி:
பிள்ள சொல்றது புதுசில்ல. எங்க தாத்தா காலத்துல துண்டுன்னு ஒண்ணு இருந்திச்சி. பெரிய கங்காணிகிட்ட ஆளுக்கு எவ்ளோ கடன்னு எழுதுன சீட்டு. அந்தக் கடனத் தீத்தாத்தான் வேற தோட்டத்துக்குப் போக முடியும், தொரமாரு துண்டக் குடுத்து ஆளக் கைமாத்துவாங்க. 1921ல சட்டம் போட்டு நிப்பாட்டுனாங்க. நான் சின்னப்புள்ளையில கேட்டது, ஒரு குடும்பம் ராவோட ராவா ஓடிப்போனா அவங்க கடன் சொந்தக்காரன் தலையில விழுமாம். அதனால சொந்தக்காரனே காவல் இருப்பானாம்.

அப்ப பயம் இருந்திச்சின்னு மேல சொன்னேன். எது பயம்னு இப்ப நெனச்சிப் பாக்குறேன்.

பசறை_மச்சான்:
மாமா 🙏

கொஸ்லந்தை_காத்து:
புதுசா சேந்தவன். சீரழிவுங்கிற பேச்சுக்கு ஒரே ஒரு மறுப்பு. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்துல மண்சரிவுல மலை எறங்குனப்ப நான் ஏஎல் படிச்சிக்கிட்டு இருந்தேன். காலையில, பிள்ளைங்க பள்ளிக்கூடம் கெளம்புற நேரம். செய்தி பரவுன உடனே சுத்தியிருக்கிற தோட்டத்துல இருந்தெல்லாம் ஆளுங்க வந்துட்டாங்க, கையில கெடச்ச மண்வெட்டியோட, சேத்துக்குள்ள எறங்கி. பக்கத்து சிங்கள கிராமத்துச் சனம் பார்சல் கட்டிக் கொண்டாந்தாங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்லயும் அதேதான், ரோட்டு இல்ல, கரண்டு இல்ல, லயத்துப் பையனுங்கதான் தோள்ல வச்சி ஆளுங்கள தூக்கிட்டு வந்தாங்க. அவனுங்க எல்லாம் டிக்டொக் பசங்கதான், நான் கண்ணால பாத்தேன்.

மீரியபெத்தைக்கு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை குடுத்திருந்தாங்க, அந்த எடம் ஆபத்து, சனத்த எழுப்பணும்னு. எழுப்பல. இருநூறு வருசம் இருந்தும் வீடு கட்ட சொந்தமா ஒரு துண்டுக் காணி இல்ல, 7 பேர்ச் காணிக்கே இன்னும் கையேந்திக்கிட்டு நிக்கிறோம், அப்ப எங்க எழும்பிப் போறது? ஒழுக்கம் கெட்டவன் யாருன்னு தேடுறவங்க அந்தக் கடிதங்கள் எந்தெந்த மேசையில கெடந்துச்சின்னு தேடலாம்.

கொழும்பு_கடைப்பையன்:
அது சரி நண்பா, ஆனா மலை எறங்குனாத்தான் ஒண்ணு சேருவோம்னா, சும்மா நாள்ல ஒரு கெழவி செத்தா?

கொஸ்லந்தை_காத்து:
அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

இஸ்கூல்_சேர்:
தம்பி, அந்தப் பக்கத்துக் காம்பராப் பையன் என்ன ஆனான்? எல்லாரும் பெரிய பெரிய விசயம் பேசிட்டோம், அவன யாரும் கேக்கல.

மேல்கணக்கு_தம்பி:
சேர், அதத்தான் எழுத வந்தேன். மூணு தடவ எழுதி அழிச்சேன்.

நேத்து கருமாதிக்கு திரும்ப வந்தேன். அப்பாயியோட சுருக்குப் பை, வெத்தில பாக்கு போட்டு வச்சிருப்பாங்க, அத அம்மா என்கிட்ட குடுத்தாங்க. உள்ள ஒரு பாக்குவெட்டி, காஞ்ச வெத்தில, நூறு ரூபா நோட்டு ரெண்டு, நாலா மடிச்ச ஒரு காயிதம். அடகுத் துண்டு. பெப்ரவரி மாசம் போட்டது. தங்க மூக்குத்தி ஒண்ணு, 14,000 ரூபா.

வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. பக்கத்துக் காம்பரா அக்காவுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அந்தப் பையனோட அம்மா. துண்டக் காட்டுனதும் அப்படியே இஸ்தோப்புல உக்காந்துட்டாங்க. மூணு கிழமத் தவண நின்னு போய், லோன்காரர் உக்காந்து, குழுவுல மத்தவங்க வந்து கத்திக்கிட்டு இருந்தப்ப அப்பாயி உள்ள கூப்புட்டு கழட்டிக் குடுத்திருக்காங்க. "என் மகனுக்கு சொல்லாத, ஆடி மாசத்துக்குள்ள திருப்பிக்கலாம்"னு. ஹட்டன் டவுன்ல ஒரு கவரிங் வாங்கி மாட்டிக்கிட்டாங்களாம். நாங்க யாரும் வித்தியாசமே கண்டுபுடிக்கல. ஆறு மாசம். நான் பொங்கலுக்கப்புறம் ரெண்டு தடவ வந்து போனேன், பக்கத்துல உக்காந்து சாப்புட்டேன். குளிப்பாட்டுறப்ப அந்தக் கவரிங் கழண்டு விழுந்திருக்கு, கறுத்துப் போன சாமான்னு அத்த தண்ணியோட சேத்து ஊத்திட்டாங்க.

அந்தப் பையன் ஏன் பொணத்துக்கிட்ட அவ்ளோ நேரம் நின்னான்னு நான் கேட்டேன்ல. அவனுக்கும் விசயம் தெரியும். அன்னிக்கு வாயத் தொறந்து "எங்கம்மாவுக்காக அடகு வச்சிருக்கு"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொன்னா அவங்கம்மா மானம் போகும். குழி வெட்ட வந்த ரெண்டு பையனுங்கள்ல ஒருத்தன் அவன், அத நான் மேல எழுதறப்ப சரியா சொல்லவே இல்ல. ஐஸ் அடிக்கிறான்னு யாரு சொன்னதுன்னு அம்மாகிட்ட கேட்டேன், அம்மாவுக்குத் தெரியல, எனக்கும் ஞாபகம் இல்ல.

அவன் மறுநாளே கொழும்புக்குப் போயிட்டானாம், வத்தளைப் பக்கம் ஏதோ ஹாட்வெயார் கடையில சேந்திருக்கானாம்.

ரிட்டயர்ட்_கேபி:
தம்பி, அடகு எப்ப முடியுது? வட்டியோட எவ்ளோ வரும்? கொறஞ்சா சொல்லு.

மேல்கணக்கு_தம்பி:
காசு இருக்கு மாமா, நாளைக்கு காலையில ஹட்டன் போய் எடுத்துருவேன். அம்மா சொல்றாங்க அத அந்த அக்காகிட்டயே குடுத்துரச் சொல்லி. அவங்க வாங்க மாட்டேங்கிறாங்க.

பையனோட நம்பர் வாங்கிட்டேன். காலையில இருந்து நாலு தடவ எடுத்தேன். ரிங் போகுது, எடுக்கல. ஞாயித்துக்கெழமை வத்தளைக்கு நேராவே போறேன், கடையில எத்தன மணிக்கு விடுவாங்கன்னு தெரிஞ்ச யாராச்சும் இருந்தா சொல்லுங்க.